கண்ட பறவைக்கும் ஓர் உறுதி எழுதுவோம்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதக் காலையில் பெரியவர் ஒருவர் பருத்தித்துறையில் என்னைத் தேடி வந்தார். வசாவிளானில் பிறந்தவர். 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, வடமராட்சியில் குத்தகைக் காணியில் வெங்காயமும் புகையிலையும் செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். இறைப்பு மிசினுக்குக் கடன் கேட்டு ஒரு கடிதம் எழுதுவிக்க வந்திருந்தார். கடிதம் முடிந்த பிறகும் எழும்பாமல் இருந்தார்.

“சுவாமி, மணற்காட்டுப் பக்கம் சாதாளை ஏத்தப் போனனான். கரையில ஒரு குருவி நிண்டது. கொக்குமில்லை, கடற்காகமுமில்லை. வெள்ளை, முதுகு கறுப்பு. கறுத்த, தடிச்ச சொண்டு. நண்டைப் பிடிச்சு, காலைக் கழட்டிப் போட்டு விழுங்குது. இந்த வயசுக்கு நான் அப்பிடி ஒண்டைக் காணேல்லை.”

“அப்படியா?” என்று கேட்டேன். இரண்டொரு கேள்வியும் கேட்டிருப்பேன். அன்று ஒரு மரண வீடு இருந்தது, புறப்பட்டுவிட்டேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு, பறவைப் பதிவுகளில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தபோது பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனையாம் திகதி? கரையில் எந்த இடம்? எத்தனை நின்றன? கால் என்ன நிறம்? ஒன்றுக்கும் என்னிடம் மறுமொழி இல்லை. பெரியவரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். “தைப்பூசத்துக்கு முன்னமோ பின்னமோ, சுவாமி” என்றார். கண்டவர் சரியாகக் கண்டிருந்தார், சரியாகவும் சொல்லியிருந்தார். மேசையில் கொப்பியும் பேனையும் இருந்தும் எழுதாமல் விட்டவன் நான்தான். அந்தப் பறவை பதிவேறவில்லை.

அவர் கண்டது அநேகமாக நண்டுதின்னி. சேற்றிலும் கரையோர ஈரத்திலும் நடந்து இரைதேடும் உள்ளான் கூட்டத்தோடு சேர்த்து எண்ணப்படுவது. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு தனிப்பிறவி. நின்றால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர். தலையும் கழுத்தும் வயிறும் வெள்ளை, முதுகு கறுப்பு, பறக்கும்போது செட்டையின் பின்பாதியும் கறுப்பு. நீண்ட கால்கள் நீலம் கலந்த சாம்பல் நிறம். சொண்டுதான் இதன் அடையாளம்: மற்ற உள்ளான்களின் சொண்டு ஊசிபோல் மெலிந்திருக்க, இதனுடையது குறடுபோல் தடித்து, கறுத்து, கூராக முடியும். நண்டின் ஓட்டை உடைக்க அப்படி ஒரு சொண்டு வேண்டும்தானே.

கூடு வைப்பதிலும் இது தனி. உள்ளான் இனங்களில் பல வெறுந்தரையில் சிறு பள்ளம் பறித்து, மண் நிறத்தில் புள்ளிபோட்ட மூன்று நான்கு முட்டைகள் இடும். நண்டுதின்னி மணலில் வளை தோண்டி உள்ளே போய், ஒரேயொரு வெள்ளை முட்டை இடுகிறது. வளைக்குள் யாரும் பார்க்கப் போவதில்லை, ஆகவே முட்டைக்குப் புள்ளி தேவையில்லை. வெயிலில் காய்ந்த மணலின் சூடு அடைகாப்பதில் பாதி வேலையைச் செய்துவிடும். குஞ்சு வளைக்குள்ளேயே இருக்க, தாயும் தகப்பனும் நண்டு கொண்டுபோய்க் கொடுக்கும். பறக்கத் தொடங்கி வேறு கரைக்குப் போன பிறகும் பிள்ளை பெற்றோரிடம் இரை கேட்டுக்கொண்டு பின்னால் திரியும்.

இவை பெரும்பாலும் கூடு வைப்பது ஓமான், பாரசீக வளைகுடா, செங்கடல், சோமாலியாக் கரைகளில். ஆனால் நமக்குப் பக்கத்தில், தலைமன்னாருக்கு அப்பால் ஆதாம்பாலத்து மணல் தீடைகளிலும் கூடு வைப்பது பதிவாகியிருக்கிறது. இலங்கையில் இதைக் காண மன்னார்ப் பக்கம்தான் போகவேண்டும். வடமராட்சிக் கரையில் ஒன்று நின்றால் அது எழுதிவைக்க வேண்டிய செய்தி.

எதனோடு மாறுபடும்? நெடுங்கால் உள்ளானைத் தரவைகளிலும் வல்லை வெளியிலும் எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதுவும் கறுப்பு வெள்ளைதான். ஆனால் கால் செம்பவள நிறம், சொண்டு ஈர்க்குப்போல் மெல்லியது. வளைசொண்டு உள்ளானுக்குச் சொண்டு நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும், உச்சந்தலை கறுப்பு. சிப்பிபிடிப்பான் இங்கே அரிதாக வருவது. அதற்குத் தலையும் நெஞ்சும் கறுப்பு, சொண்டு செம்மஞ்சள். தூரத்தில் கரையில் நிற்கும் ஆலாவும் ஏமாற்றும். அதன் சொண்டும் தடித்ததுதான், ஆனால் கால் குட்டை. பெரியவர் “தடிச்ச கறுத்த சொண்டு, கொக்குமில்லை, கடற்காகமுமில்லை” என்று சொன்னபோது, புத்தகம் படிக்காமலே இவற்றில் பாதியைத் தள்ளிவிட்டார். கால் நிறத்தையும் நான் கேட்டிருந்தால் மற்றப் பாதியும் தள்ளுப்பட்டிருக்கும்.

ஒரு பறவையைக் கண்டேன் என்றால் நம்பினால் என்ன, இவ்வளவு விசாரணை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். காரணம் உண்டு. எட்கர் லேயார்ட் என்ற ஆங்கில அதிகாரி 1840களின் கடைசியிலும் 1850களின் தொடக்கத்திலும் இலங்கையில் இருந்தபோது, வடபகுதிப் பறவைகளையும் சேர்த்து விரிவான குறிப்புகள் எழுதினார். பருத்தித்துறையும் அவற்றில் வருகிறது. பிறகு 1880ல் வின்சன்ட் லெக் இலங்கைப் பறவைகளைப் பற்றிய பெருநூலை நிறைவுசெய்தார். பறவைகளுக்கு இங்கே வழங்கிய தமிழ்ப் பெயர்களும் அதில் உண்டு. அக்காலத்தில் அத்தாட்சி என்பது சுட்ட பறவையின் தோல். தோலின் காலில் ஒரு துண்டுக் கடதாசி கட்டியிருக்கும்: திகதி, இடம், சுட்டவர் பெயர். அந்தத் துண்டு அறுந்து விழுந்தால், பறவை எவ்வளவு அரிதானதாயினும், ஆய்வுக்கு அதன் பெறுமதி மிகவும் குறைந்துவிடும்.

துண்டில் பொய் எழுதினாலோ? அதுவும் நடந்தது. இங்கிலாந்தில் ஹேஸ்ரிங்ஸ் என்ற ஊரைச் சுற்றி, 1892க்கும் 1930க்கும் இடையில் நம்பமுடியாத அளவு அரிய பறவைகள் ‘சுடப்பட்டன’. பறவைகளுக்குப் பஞ்சு அடைத்து விற்கும் ஒருவர் கையூடாகவே பல வந்தன. 1962ல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்த ஊரில் மட்டும், அந்த ஆண்டுகளில் மட்டும், இத்தனை அரிய பறவைகள் வருவது நடக்காத காரியம் என்று தெரிந்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட பதிவுகளைத் தள்ளிவிட்டார்கள். அதற்குள் நல்ல பதிவுகள் சிலவும் அடிபட்டிருக்கலாம். ஒருவர் செய்த புரட்டினால் பக்கத்திலிருந்தவர்களுடைய உண்மையும் எடுபடாமல் போய்விட்டது.

இன்னொரு கதை மனதை நோகச் செய்வது. மெல்லிய சொண்டுக் கோட்டான் என்றொரு பறவை; நம் கரைகளுக்கு வரும் பெரிய குதிரைமலைக் கோட்டானின் இனம்தான், அளவில் சிறியது. சைபீரியாவில் தாரா என்ற ஊருக்குப் பக்கத்தில், 1909க்கும் 1925க்கும் இடையில் அதன் கூடுகளைக் கண்டு எழுதிவைத்தவர் ஒரே ஒருவர். பின்னர் யாரும் கூட்டைக் காணவில்லை. 1995 மாசி மாதம் மொறொக்கோவில் ஒரு கடல்நீரேரியில் கடைசியாக ஐயமின்றிப் படம் பிடிக்கப்பட்டது. அதன் பின்னும் பல நாடுகளில் “கண்டோம், கண்டோம்” என்றார்கள். ஆனால் படமோ ஐயம் நீக்கும் குறிப்போ இல்லை. 2025ல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அது அற்றுப்போய்விட்டது என்று அறிவித்தது. அந்த 1995ஐ நாமும் மறக்கமாட்டோம். ஐப்பசியில் வலிகாமமே பெட்டி படுக்கையோடு செம்மணி வெளியைக் கடந்த ஆண்டு அது. நம்முடைய கடல்நீரேரிகளில் அந்த ஆண்டுகளில் என்ன வந்தது, என்ன வராமல் போனது என்பதற்கு எழுத்து மிகக் குறைவு. தொலைநோக்கியோடு கரையில் நின்றவன் வீடு திரும்புவானா என்பது நிச்சயமில்லாத காலம், குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் பறவைகள் வந்துகொண்டுதான் இருந்தன. வாடியிலும் வரம்பிலும் நின்று அவற்றைக் கண்டவர்கள் நீங்கள்.

சரி, எப்படி எழுதுவது? காணி உறுதி எழுதும் முறை உங்களுக்குத் தெரியும். யாருடைய காணி, எந்தக் குறிச்சி, எத்தனை பரப்பு, கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய பங்கு, கடைசியில் திகதியும் சாட்சிக் கையொப்பமும். பறவைப் பதிவும் அதேதான். திகதியையும் நேரத்தையும் முதலில் எழுதிவிடுங்கள். மறப்பவற்றில் முதலாவது அவைதான். இடத்தை “மணற்காட்டுக் கரை” என்று விட்டுவிடாமல், தேவாலயத்துக்குக் கிழக்கே எவ்வளவு தூரம், எந்த மதகு, எந்த வாடிக்கு முன்னால் என்று எல்லை போடுங்கள். விதானையார் பிரிவையும் சேருங்கள். கைத்தொலைபேசி இடக்குறி காட்டுமானால் அந்த இலக்கங்களையும் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது, எவ்வளவு தூரத்தில் நின்று, எந்தப் பக்கம் வெயில் இருக்க, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பது. சூரியனை எதிர்நோக்கிப் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். பிறகு பறவையைச் சொண்டிலிருந்து கால்வரை, கண்டபடியே. பெயரை எழுதி அதற்கு ஏற்றாற்போல் அடையாளத்தை நிரப்புவது பலரும் விடுகிற பிழை. ‘நண்டுதின்னி’ என்று மனம் முடிவு செய்துவிட்டால், காணாத நீலக்காலும் கண்டதுபோல் வந்துவிடும். காணாததைக் காணவில்லை என்றே எழுதுங்கள். “கால் தண்ணீருக்குள் இருந்தது, நிறம் தெரியவில்லை” என்ற ஒரு வரி, வாசிப்பவருக்கு மற்ற வரிகளிலும் நம்பிக்கை தரும்.

அளவுக்கு முழமோ சாணோ வேண்டாம். தனியே நிற்கும் பறவையின் அளவு கண்ணை ஏமாற்றும். பக்கத்தில் நின்ற தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள்: கொக்கை விடக் குட்டை, நெடுங்கால் உள்ளானை விடப் பருமன் என்கிற மாதிரி. சேறு இன்னொரு ஏமாற்று. கொடியக்கரையில் முன்பு பதிவான கரண்டிமூக்கு உள்ளான் உலகத்தில் மிக அருகிவிட்ட ஒன்று. சொண்டு நுனி சிறு அகப்பைபோல் அகன்றிருக்கும். கொசு உள்ளான் என்ற சின்னஞ்சிறு பறவை சேற்றைக் கிளறி நிமிரும்போது, நுனியில் ஒட்டிய சேற்றோடு அச்சொட்டாக அப்படியே தெரியும். சற்றுப் பொறுத்தால் சொண்டைத் தண்ணீரில் அலசும்; அகப்பையும் கழுவுப்பட்டுப் போய்விடும்.

படம் எடுக்க முடிந்தால் நல்லது. முதலில் நின்ற இடத்திலிருந்தே, தெளிவில்லாவிட்டாலும், ஒன்றை எடுத்துவிட்டு, பிறகு மெல்ல நெருங்குங்கள். நல்ல படத்துக்கு ஆசைப்பட்டுக் கிட்டப் போய்ப் பறவையைக் கலைத்து, ஒரு படமும் இல்லாமல் திரும்பியவர்கள் பலர். எடுத்த படத்தை வெட்டாமல், நிறம் கூட்டாமல், மூலத்தை அப்படியே வைத்திருங்கள். தொலைநோக்கியின் கண்ணாடியில் கைத்தொலைபேசியை ஒட்டிப் பிடித்தும் எடுக்கலாம்; கை நடுங்கும், ஆனாலும் பயன்படும். படம் இல்லாவிட்டால் கோட்டுப்படம். அழகாக வரவேண்டியதில்லை. இரண்டு பேர் கண்டிருந்தால், ஒருவரோடொருவர் கதைப்பதற்கு முன் தனித்தனியே எழுதட்டும். கதைத்த பிறகு எழுதினால் அது ஒரே சாட்சியம்தான்.

காலில் நிறப் பட்டி கட்டிய உள்ளான்களைக் கண்டாலும் எழுதுங்கள். எங்கள் கரையிலிருந்து கடலுக்கு அப்பால் ஏறக்குறைய 65 கிலோமீற்றரில் இருக்கிறது கொடியக்கரை. அங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தினர் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிடுகிறார்கள். எந்தக் கால், மேலே என்ன நிறம், கீழே என்ன நிறம், எழுத்து உண்டா என்று குறித்தால், அந்தப் பறவை எங்கே பிடிபட்டது என்பதையே கண்டுபிடித்துவிடலாம்.

எழுதியதை எங்கே அனுப்புவது? 1943லிருந்து இயங்கும் இலங்கைப் பறவைக் கழகமும், 1976ல் தொடங்கி கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் களப் பறவையியல் குழுவும் இத்தகைய குறிப்புகளில் அக்கறையுள்ளவை. கைத்தொலைபேசி பழகிய பிள்ளைகள் ‘ஈபேர்ட்’ என்ற உலகப் பதிவேட்டிலும் ஏற்றலாம்; அரிய பறவை என்றால் அதைச் சரிபார்ப்பவர் மேலும் விபரம் கேட்பார். கேட்பது அவமதிப்பல்ல. ஆனால் கூட்டைக் கண்டால் இடத்தைப் பகிரங்கமாகப் போடவேண்டாம். முட்டையைத் தொடவும் வேண்டாம். அது சட்டப்படியும் குற்றம்.

இனி, கூட்டங்களில் நான் இதைச் சொல்லும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து வரும் கேள்விக்கு வருகிறேன். “சுவாமி, குருவியை எழுதிக் குடுத்தால் நாளைக்குக் காணியை எடுக்கமாட்டாங்களோ?” இதைக் கேட்பவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. சுண்டிக்குளம் 1938ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015ல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. யுத்தத்துக்குப் பின் வடக்கில் பல இடங்களில், மக்கள் திரும்பி வந்தபோது தங்கள் பழைய நிலம் வரைபடத்தில் காடாகவோ சரணாலயமாகவோ நிறம் மாறியிருந்ததாக முறைப்பட்டிருக்கிறார்கள்.

சட்டத்தை உள்ளபடி சொல்கிறேன். தேசியப் பூங்கா அரச காணியில் மட்டுமே அறிவிக்கப்படலாம். சரணாலயத்துக்குள் தனியார் காணியும் வரலாம். அங்கே குடியிருப்போர் இருக்கலாம், ஆனால் சில கட்டுப்பாடுகள் உண்டு. எதற்கும் அமைச்சரின் கட்டளையும் வர்த்தமானி அறிவித்தலும் வேண்டும். ஒருவர் ஒரு நாள் கண்ட பறவையின் குறிப்பு தானாகக் காணியை மாற்றாது. ஆனால் உறுதி தொலைந்தவர், பேர்மிற் புதுப்பிக்காதவர், பரம்பரையாகச் செய்து எழுத்தே இல்லாதவர், இவர்களுடைய நிலம் ‘அரச காணி’ என்ற கணக்கில் போய்விடும் ஆபத்து உண்மையானது. அந்த ஆபத்து பறவையால் வருவதல்ல, கடதாசி இல்லாததால் வருவது. ஆகவே பறவைக் கொப்பி தொடங்குமுன் உறுதியின் பிரதி, பேர்மிற், பழைய வரிப் பற்றுச்சீட்டு, பங்கீட்டு அட்டை எது இருந்தாலும் ஒழுங்காக்கிப் பிரதேச செயலகத்தில் கேட்டு வையுங்கள். எங்கள் காரியாலயத்திலும் அதற்கு உதவி உண்டு.

மறுபக்கமும் உண்டு. மணல் அகழ்வால் வடமராட்சி கிழக்கின் மணல் மேடுகள் கரைவதை நீங்கள் காண்கிறீர்கள். மேடு போனால் உவர் உள்ளே வரும்; கிணறு கெடும்; தோட்டம் கெடும். நண்டுதின்னி நடக்கிற கரையும் உங்கள் நன்னீரைக் காக்கிற கரையும் வேறு வேறல்ல. பெரிய திட்டங்கள் பலவற்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும், கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அந்த 30 நாளுக்குள் புதிதாக ஒன்றையும் கண்டுபிடித்துவிட முடியாது. “இங்கே ஒரு விசேடமும் இல்லை” என்று அறிக்கை சொன்னால், ஐந்து வருடம் திகதியும் இடமும் போட்டு எழுதிய ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை மேசையில் வைக்கலாம். வாயால் சொன்னது கூட்டக் குறிப்பிலும் ஏறாது.

போன மாசி மாதம் பெரியவர் மறுபடி வந்தார். இம்முறை பேரப்பிள்ளையின் கணக்குக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாளோடு. மாசி 9, காலை 6.50. மணற்காட்டிலிருந்து தெற்கே, இரண்டாவது வாடிக்கு முன்னால். வெயில் முதுகுப்பக்கம். இரண்டு நின்றன. ஒன்றுக்கு முதுகு கறுப்பு, மற்றதுக்குச் சாம்பல். கால் நீலச் சாம்பல். “சாம்பல் முதுகுக் குருவி மற்றதுக்குப் பின்னால் ஓடி ஓடி இரை கேட்டது” என்று கடைசி வரி. கீழே கோட்டுப்படம், சொண்டை மட்டும் இரண்டு தரம் அழுத்திக் கீறியிருந்தார். வளர்ந்த பிள்ளை பெற்றோரிடம் இரை கேட்கும் பழக்கத்தைப் பற்றி நான் அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

தாளைப் படமெடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். பத்து நாளில் மறுமொழி வந்தது: குறிப்பு மிக நன்று, ஆனால் ஒருவர் மட்டும் கண்டது, படமும் இல்லை, இன்னொருவரும் காண முடிந்தால் நல்லது. பெரியவருக்கு வாசித்துக் காட்டினேன். “அப்ப தைப்பூசம் முடியச் சாதாளை ஏத்தப் போகேக்க நீங்களும் வாங்கோ, சுவாமி. விடிய அஞ்சு மணிக்கு மெசின் வெளிக்கிடும்” என்றார். தொலைநோக்கியை நெல்லியடியில் திருத்தக் கொடுத்திருக்கிறேன்.